இணையவழித் துன்புறுத்தலும் மெய்நிகர் கற்றல் சூழலும்: பாதிக்கப்பட்ட பிள்ளைக்கா, வேடிக்கை பார்க்கும் வகுப்புக்கா?

கரும்பலகை (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் கணினி ஆசிரியராகப் பணியாற்றுகிறேன். எங்கள் ஹைடெக் ஆய்வகத்தில், இணையவழித் துன்புறுத்தலை எதிர்கொள்ள ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைப் பழக்கும் ஒரு மெய்நிகர் கற்றல் சூழலை அமைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ஆற்றப்படும் உரைகளும், ‘அந்நியரிடம் கடவுச்சொல்லைப் பகிராதீர்’ என்ற சுவரொட்டிகளும், பிள்ளைகளுக்கு உண்மையில் நேர்வதைத் தொடுவதே இல்லை. உடன் படிப்பவனின் முகத்தை வாட்ஸ்அப் ஸ்டிக்கராக வெட்டிச் சுற்றுக்கு விடுகிறார்கள். ஒரு மாணவியை மட்டும் விட்டுவிட்டு வகுப்புக்கென இன்னொரு குழுவைத் தொடங்கி, அதில் பேசியதை மறுநாள் அவள் காதுபடச் சொல்லிச் சிரிக்கிறார்கள். வேறொருத்தியின் பெயரிலும் படத்திலும் போலி இன்ஸ்டாகிராம் கணக்கைத் திறந்து, அதிலிருந்து பிறருக்கு ஆபாசமாகச் செய்தி அனுப்புகிறார்கள். செய்பவர் யார் என்பது வகுப்பில் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்கும். ஆசிரியருக்கு மட்டும் தெரியாது.

யுனிசெஃப் 2019-இல் 30 நாடுகளில் 13 முதல் 24 வயது வரையுள்ள 1,70,000-க்கும் மேற்பட்ட இளையோரிடம் நடத்திய கருத்துக் கணிப்பில், மூவரில் ஒருவர் இணையத்தில் துன்புறுத்தப்பட்டதாகவும், ஐவரில் ஒருவர் அதன் காரணமாகப் பள்ளிக்குச் செல்லாமல் இருந்ததாகவும் கூறியிருக்கிறார்கள். இந்தியாவும் அந்த 30 நாடுகளில் ஒன்று. தாமாக முன்வந்து பதில் சொன்னவர்களின் கணக்கு என்பதால் அதை எங்கள் ஊருக்கு அப்படியே பொருத்த முடியாது என்பதை அறிவேன். ஆயினும் புறந்தள்ளவும் மனம் வரவில்லை.

தேடிப் பார்த்த முன்மாதிரிகளில் என்னை அதிகம் ஈர்த்தது ‘ஃபியர்நாட்’. ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியில் விக்டெக், இ-சர்க்கஸ் என்ற இரு ஆய்வுத் திட்டங்களின் வழியாக 2000-களில் உருவான மென்பொருள் அது. திரையில் ஒரு முப்பரிமாணப் பள்ளிக்கூடம். அதில் ஒரு பையனை இன்னொருவன் சீண்டுகிறான். சீண்டப்பட்டவன், கணினியின் முன் அமர்ந்திருக்கும் பிள்ளையிடம் வந்து, இனி நான் என்ன செய்யட்டும் என்று கேட்கிறான். பிள்ளை தட்டச்சு செய்து ஆலோசனை சொல்ல, அவன் அதன்படி நடந்து பார்க்கிறான். சில வேளை பலிக்கிறது, சில வேளை நிலைமை இன்னும் மோசமாகிறது. அவன் மீண்டும் வந்து கேட்கிறான். முன்கூட்டியே எழுதி முடித்த கதையாக இல்லாமல், பாத்திரங்களின் உணர்ச்சிநிலையைப் பொறுத்துக் காட்சி அவ்வப்போது உருவாவதே இதன் சிறப்பு. துன்புறும் பிள்ளைகளுக்கு இப்படி ஒன்றைத் தமிழில் செய்து கொடுத்தால் பயன்படுமா? உளவியல், சட்டம், நிரலாக்கம் அறிந்த நண்பர்களின் கருத்தை எதிர்பார்க்கிறேன்.

நெய்தல்

நல்ல முயற்சி, ஐயா. பள்ளி மனநல ஆலோசகராக இருப்பவள் என்ற முறையில் முதலில் இரண்டு தடைகளைச் சொல்லிவிடுகிறேன்.

ஃபியர்நாட் வளரிளம் பருவத்தினருக்காகச் செய்யப்பட்டதன்று; எட்டு முதல் பதினொரு வயதுப் பிள்ளைகளுக்கானது. அதில் வரும் சீண்டலும் பள்ளி வளாகத்தில் நேருக்கு நேர் நடப்பது. அதன் பலனைச் சோதித்த ஆய்வு 2010-இல் வெளிவந்தது. பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் 27 தொடக்கப் பள்ளிகளில் 1,129 குழந்தைகள் அதில் பங்கேற்றார்கள். மூன்று வாரங்கள் பயன்படுத்தினார்கள். ஏற்கெனவே துன்புறுத்தலுக்கு ஆளாகியிருந்த பிள்ளைகளில், மென்பொருளைப் பயன்படுத்தியவர்கள் அதிலிருந்து மீள்வது ஒரு வாரம் கழித்து எடுத்த கணக்கில் கூடுதலாக இருந்தது. அடுத்த கணக்கெடுப்பில் அந்த வேறுபாடு நிலைக்கவில்லை. இரு நாடுகளையும் பிரித்துப் பார்த்தபோது, பலன் பிரிட்டன் பிள்ளைகளிடம் மட்டுமே தெரிந்தது. ஒரே மென்பொருள், ஒரே கால அளவு, ஆனால் நாடு மாறியதும் பலன் மறைந்துவிட்டது என்றால், பலனைத் தீர்மானிப்பது மென்பொருளுக்கு வெளியே இருக்கும் ஏதோவொன்று என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். ஒரு நல்ல செய்தியும் அந்த ஆய்வில் உண்டு: பாதிக்கப்பட்ட பாத்திரத்தோடு எவ்வளவு அதிகமாக உரையாடினார்களோ, அவ்வளவுக்கு மீளும் வாய்ப்பும் கூடியது. எனவே, வெறுமனே பார்ப்பதைவிடப் பங்கேற்பது மேல்.

இரண்டாவது தடை, ‘எதிர்கொள்ளுதல்’ என்பதை நாம் எப்படிப் புரிந்துகொள்கிறோம் என்பதில் இருக்கிறது. ரிச்சர்ட் லாசரஸும் சூசன் ஃபோக்மனும் 1984-இல் வகுத்தளித்த பாகுபாடு இன்றும் பயன்படுகிறது: சிக்கலையே மாற்ற முயல்வது ஒரு வகை, சிக்கலால் எழும் உணர்ச்சியைக் கையாள்வது மற்றொரு வகை. நிலைமை நம் கட்டுப்பாட்டில் இருந்தால் முதல் வகை உதவும், இல்லாவிட்டால் இரண்டாவது. இணையத்தில் நடக்கும் துன்புறுத்தலில் பிள்ளையின் கட்டுப்பாட்டில் இருப்பது மிகக் குறைவு. தடுப்புப் பட்டியலில் சேர்க்கலாம், புகார் பொத்தானை அழுத்தலாம். ஆனால் தன்னைச் சேர்க்காத குழுவில் தன்னைப் பற்றி ஓடிக்கொண்டிருப்பதை அவள் எப்படித் தடுப்பாள்? அந்த நிலையில் அவள் செய்யக்கூடியவற்றில் பெரியது, நம்பத்தகுந்த ஒருவரிடம் சொல்வதுதான். அதைத்தான் பிள்ளைகள் செய்வதில்லை. காரணம் கேட்டால் பலரும் சொல்வது ஒன்றே: சொன்னால் போனைப் பிடுங்கிவிடுவார்கள்.

பத்தாம் வகுப்பின் தாய்

நெய்தல் அவர்களே, பெற்றோர் தரப்பையும் கொஞ்சம் கேளுங்கள். எங்கள் வீட்டில் இருப்பது ஒரே ஸ்மார்ட்போன். அதில்தான் என் கணவருக்கு வேலைக்கான அழைப்பு வருகிறது, வங்கிக் குறுஞ்செய்தி வருகிறது, பள்ளியின் வீட்டுப்பாடமும் வருகிறது. பிள்ளைக்கு ஒரு தொல்லை என்றால் அந்தச் செய்திகளை வீட்டில் எல்லோரும் பார்க்க நேரும். அதிலும் பெண் பிள்ளை என்றால், ‘உன் நம்பர் அவனுக்கு எப்படிப் போனது?’ என்ற கேள்வியில்தான் விசாரணை தொடங்கும். போனைப் பிடுங்குவது தண்டனை என்று அவளுக்குத் தெரிகிறது. எங்களுக்கோ அது பாதுகாப்பு. இந்த இடைவெளியை உங்கள் மென்பொருள் பேசுமானால் முதலில் என்னைப் போன்றவர்களுக்குப் போட்டுக் காட்டுங்கள்.

வடதுருவம்

நான் பின்லாந்தில் வசிக்கிறேன். என் மகள் படிக்கும் பள்ளியில், பிள்ளைகளிடையே துன்புறுத்தலைத் தடுப்பதற்கான ‘கிவா’ திட்டம் உண்டு என்பதால் அதைப் பற்றிக் கொஞ்சம் எழுதுகிறேன். துர்க்கு பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டினா சல்மிவாலியின் குழு, கல்வி அமைச்சகத்தின் ஆதரவுடன் 2006-இல் இதை உருவாக்கத் தொடங்கியது. 2007 முதல் 2009 வரை பெரிய அளவில் சோதித்த பின், 2009 இலையுதிர் காலத்தில் நாடு முழுவதற்கும் விரித்தார்கள்.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அதில் முதலில் கண்ணில் படுவது கணினி விளையாட்டுதான். தொடக்க வகுப்புகளுக்கு ஒரு விளையாட்டு, ஏழு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை ‘கிவா தெரு’ என்ற இணையச் சூழல். விளையாட்டில் மூன்று அடுக்குகள் உண்டு. முதல் அடுக்கு, பிள்ளைக்கு என்ன தெரியும் என்று கேட்கிறது. இரண்டாவது, ஒரு நிலைமையைக் காட்டி, என்ன செய்வாய் என்று செய்து பார்க்க வைக்கிறது. மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது: கற்றதை உண்மையான பள்ளி வாழ்க்கையில் செய்தாயா என்று விசாரிக்கிறது.

ஆனால் விளையாட்டு அந்தத் திட்டத்தில் சிறிய பகுதியே. ஒவ்வொரு பள்ளியிலும் மூன்று பேர் கொண்ட குழு ஒன்று இருக்கும். ஒரு சம்பவம் தெரியவந்தால் அவர்கள் பாதிக்கப்பட்ட பிள்ளையோடும் துன்புறுத்தியவரோடும் தனித்தனியே பேசுவார்கள். சில நாட்கள் கழித்து மீண்டும் அழைத்து, நின்றதா என்று கேட்பார்கள். வகுப்பாசிரியர், வகுப்பில் மதிப்புள்ள, நல்ல மனம் கொண்ட இரண்டு மூன்று மாணவர்களை அழைத்து, பாதிக்கப்பட்ட பிள்ளைக்குத் துணையாக இருக்கும்படி கேட்டுக்கொள்வார். இடைவேளைக் கண்காணிப்புக்கு நிற்கும் ஆசிரியர்கள் பளிச்சென்ற மேலங்கி அணிந்திருப்பார்கள். யாரிடம் போய்ச் சொல்வது என்று குழந்தை தேட வேண்டியதில்லை.

கரும்பலகை அவர்கள் ஒன்பதாம் வகுப்பைத் தேர்ந்தெடுத்திருப்பதால் இதையும் சொல்ல வேண்டும். கிவாவின் பலன் தொடக்க வகுப்புகளில்தான் வலுவாக இருந்தது. ஏழாம் வகுப்புக்கு மேல் குறைந்தும் சீரற்றும் காணப்பட்டது. ஒரே வகுப்பாசிரியருடன் நாள் முழுவதும் இருந்த பிள்ளை, பாடத்துக்கொரு ஆசிரியர் என்ற ஏற்பாட்டுக்குள் போனதும், அவளை முழுமையாக அறிந்த பெரியவர் யாரும் இல்லாமல் போவது அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

தாமிரபரணி

ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியன் நான். நெல்லைப் பகுதியில்தான் பெரும்பாலும் பணியாற்றினேன். மேலே எழுதிய அனைவரும், பிள்ளை சொன்னால் கேட்டு நியாயமாக நடக்கும் ஒரு பெரியவர் பள்ளியில் இருக்கிறார் என்று வைத்துக்கொண்டு பேசுகிறீர்கள். பின்லாந்தில் அது சரியாக இருக்கலாம். எங்கள் பக்கத்தில் பிள்ளைகளின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஓடுவது சாதிப் பெருமைப் பாட்டு. சாதி அடையாளமாகக் கையில் கட்டும் கயிற்றின் நிறத்தைத் திரைக்கு மாற்றி, பெயருக்குப் பின்னால் வண்ண இதயங்களாகப் போடுகிறார்கள். ஒரு பையனைக் குழுவில் கேலி செய்தால், அது அவனை மட்டும் குறித்ததா, அவன் தெருவையே குறித்ததா என்பது அங்கிருக்கும் எல்லோருக்கும் தெரியும்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் உடன் படித்த மாணவர்களே ஒரு பட்டியலின மாணவனை வீடு புகுந்து வெட்டியதும், தடுக்க வந்த தங்கையையும் வெட்டியதும் நாடறிந்தவை. அதன்பின் அமைக்கப்பட்ட நீதியரசர் கே. சந்துரு குழு 2024 ஜூனில் அளித்த அறிக்கையில், வண்ணக் கயிறுகளுக்குத் தடை விதிக்கப் பரிந்துரைத்தது. ஒரு பகுதியில் ஆதிக்கம் பெற்ற சாதியைச் சேர்ந்தவர்களை அதே பகுதியில் தலைமை ஆசிரியர் போன்ற பொறுப்புகளில் அமர்த்தக் கூடாது என்றும் சொன்னது. அரசு அமைத்த ஒரு குழு அப்படிச் சொல்ல நேர்ந்தது என்றால், ‘ஆசிரியரிடம் சொல்’ என்ற உங்கள் அறிவுரையை அந்தப் பிள்ளை எந்த நம்பிக்கையில் ஏற்பான்? ஐரோப்பியக் காட்சிகளை மொழிபெயர்த்துத் திரையில் ஓட்டினால் பிள்ளைகள் மரியாதையாகப் பார்ப்பார்கள். வெளியே வந்து பழைய வேலையைத் தொடர்வார்கள்.

கரும்பலகை

ஐயா, நீங்கள் சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் ஊர் திருந்திய பிறகுதான் பிள்ளைக்கு எதையும் கற்றுத்தர முடியும் என்றால், இப்போது ஒன்பதாம் வகுப்பில் இருப்பவன் பள்ளியை முடித்துப் போய்விடுவான். ஆசிரியர் ஒருவர் நம்பத்தகாதவராக இருந்தால் அடுத்து யார் என்பதையும் சூழலே காட்டலாமே? பிள்ளைகள் தங்கள் குறைகளை எழுதிப் போட, பள்ளியில் ‘மாணவர் மனசு’ பெட்டி இருக்கிறது. 14417 என்ற பள்ளிக்கல்வி உதவி எண்ணும், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும் இருக்கின்றன. மனம் தளர்ந்திருக்கும்போது பேச 14416 என்ற டெலி-மானஸ் எண் 2022 முதல் இருக்கிறது. எண்களைச் சுவரில் எழுதி வைப்பது வேறு, அழைத்தால் எதிர்முனையில் என்ன கேட்பார்கள், அதற்கு என்ன பதில் சொல்வது என்று ஒருமுறை திரையில் பேசிப் பழகுவது வேறு.

நிரலோடை

நிரலாக்கப் பக்கத்திலிருந்து சில வார்த்தைகள். ஃபியர்நாட் போல உணர்ச்சி மாதிரியுடன் இயங்கும் பாத்திரங்களைச் செய்வது பல பல்கலைக்கழகங்கள் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து செய்த வேலை. அதை ஒரு பள்ளி ஆசிரியர் தனியாகச் செய்ய வேண்டிய தேவை இல்லை. கிளைக்கதையாக, அதாவது பிள்ளையின் தேர்வுக்கேற்ப வழி பிரியும் கதையாகச் செய்யுங்கள். ட்வைன் என்ற இலவசக் கருவியில் செய்தால் முழுக் கதையும் ஒரே எச்டிஎம்எல் கோப்பாகக் கிடைக்கும். தமிழ் யூனிகோடு சிக்கலின்றி வரும். இணைய இணைப்பு இல்லாமலே ஆய்வகத்தின் எல்லாக் கணினிகளிலும் உலாவியில் ஓடும். மூடுல் என்ற இணையவழிக் கற்றல் தளத்தை நிறுவியிருந்தால், எச்5பி என்ற பாடக் கருவியில் கிளைக்காட்சி அமைக்கும் வசதி இருக்கிறது. ஆனால் மூடுல் வந்தால் பயனர் கணக்குகள் வரும், கணக்குகள் வந்தால் பதிவேடு வரும், அதைப் பற்றிச் சட்டம் அறிந்தவர்கள் பேசட்டும்.

பிள்ளைகளைச் சுதந்திரமாகத் தட்டச்சு செய்யவிடும் எண்ணத்தைக் கைவிடுங்கள். நம் பிள்ளைகள் பேசும் தமிழை ரோமன் எழுத்தில், ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகத் தட்டுவார்கள். அதை நம்பகமாகப் புரிந்துகொள்ளும் நிரலை எழுதுவதற்குள் உங்கள் ஆர்வம் வற்றிவிடும். இன்றைய அரட்டை இயந்திரங்களைக் கொண்டு அதைச் சமாளிக்கலாமே என்று யாராவது சொல்வதற்கு முன் என் எதிர்ப்பைப் பதிவு செய்கிறேன். ‘சாகணும் போல இருக்கு’ என்று ஒரு பிள்ளை எழுதினால், அடுத்து வரும் வரியை யாரும் முன்கூட்டிப் படித்துச் சரிபார்த்திராத நிலையில், அதை இயந்திரத்தின் பொறுப்பில் விட நான் உடன்படமாட்டேன்.

ஃபியர்நாட்டிலிருந்து எடுக்க வேண்டிய ஒன்று உண்டு. ஒரே விடையைத் தேர்ந்தெடுத்தாலும் எப்போதும் ஒரே முடிவு வரக் கூடாது. ‘ஆசிரியரிடம் சொல்’ என்பதை அழுத்தினால் ஒவ்வொரு முறையும் பூ மழை பொழிந்தால், இரண்டாவது தடவையே அது பாடநூல் என்று பிள்ளை கண்டுபிடித்துவிடுவான். முதல் ஆசிரியர் ‘இதெல்லாம் ஒரு விஷயமா?’ என்று தட்டிக் கழிக்கட்டும். இரண்டாவது ஆசிரியர் கேட்கட்டும். தாமிரபரணி ஐயா எழுப்பிய ஐயத்தைக் கதைக்குள்ளேயே வைத்துவிடலாம்.

நெய்தல்

நிரலோடை சொன்ன கடைசிக் கருத்தை வழிமொழிகிறேன். இப்போது என் முக்கியமான மாற்றுக் கருத்தைச் சொல்கிறேன்: இந்தச் சூழலின் நாயகன் பாதிக்கப்பட்ட பிள்ளையாக இருக்கக் கூடாது.

ஒரு வகுப்பில் துன்புறுத்தல் நடக்கும்போது இருவர் மட்டும் அதில் இருப்பதில்லை என்பதை சல்மிவாலியும் உடன் ஆய்வாளர்களும் 1996-இலேயே காட்டினார்கள். துன்புறுத்துபவருக்குக் கைகொடுப்பவர், சிரித்து ஊக்கப்படுத்துபவர், ஒதுங்கி நிற்பவர், பாதிக்கப்பட்டவரின் பக்கம் நிற்பவர் என்று மற்ற அனைவரும் ஏதோ ஒரு பங்கை ஏற்கிறார்கள். அந்த ஸ்டிக்கரை எடுத்துக்கொள்ளுங்கள். செய்தவன் ஒருவன், சிரிப்புக் குறி போட்டவர்கள் பத்துப் பேர், பேசாமல் பார்த்தவர்கள் இருபது பேர். சிரிப்புக் குறி வராத ஸ்டிக்கர் அன்றிரவே செத்துவிடும்.

பெல்ஜியத்தில் ‘ஃப்ரெண்ட்லி அட்டாக்’ என்ற திட்டம் இந்தக் கோணத்தைத்தான் எடுத்துக்கொண்டது. வளரிளம் பருவத்தினருக்கென்றே உருவாக்கிய கணினி விளையாட்டு. விளையாடுபவர் இணையத் துன்புறுத்தலைக் காணும் சாட்சி. 2018-இல் வெளியான சோதனை முடிவில், தலையிட வேண்டும் என்ற எண்ணமும், தன்னால் முடியும் என்ற நம்பிக்கையும் விளையாடியவர்களிடம் கூடியிருந்தன. ஆனால் துன்புறுத்தலின் அளவு குறைந்ததாகக் காட்ட முடியவில்லை. எண்ணத்துக்கும் செயலுக்கும் நடுவே உள்ள தூரத்தை விளையாட்டு மட்டும் கடக்காது.

அந்தத் தூரத்தைக் கடந்ததாக எனக்குத் தெரியும் நல்ல எடுத்துக்காட்டு இத்தாலியின் ‘நோட்ராப்’. புளோரன்ஸ் பல்கலைக்கழகத்தின் எர்சிலியா மெனெசினி குழுவினர் உயர்நிலைப் பள்ளி மாணவர்களைக் கொண்டே நடத்தும் திட்டம். பயிற்சி பெற்ற மாணவர்கள் இணைய மன்றம் ஒன்றை நெறிப்படுத்துவார்கள். வகுப்பிலும் உடன் படிப்பவர்களோடு பணியாற்றுவார்கள். தொடக்கப் பதிப்புகளில் கண்ட குறைகளைப் பார்த்து ஆசிரியர்களின் பங்கையும் வேடிக்கை பார்ப்பவர்களின் பொறுப்பையும் பின்னர் வலுப்படுத்தினார்கள். 2016-இல் வெளியான ஆய்வில் நேரடித் துன்புறுத்தல், இணையவழித் துன்புறுத்தல் இரண்டும் குறைந்திருந்தன. ஆறு மாதங்கள் கழித்தும் அந்தக் குறைவு நீடித்தது. மெய்நிகர்ச் சூழல் அங்கே தனியாக நிற்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

கரும்பலகை

அப்படியானால் இரவு முழுதும் தூங்காமல் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்தப் பிள்ளைக்கு இதில் என்ன இருக்கிறது? வகுப்பு திருந்தும் வரை பொறுத்திரு என்பதா? நான் இந்த வேலையைத் தொடங்கியதே அவளுக்காகத்தான்.

நெய்தல்

உங்கள் கேள்வியில் உள்ள வேதனை எனக்கும் உண்டு. ஆனால் இப்படி எண்ணிப் பாருங்கள். பாதிக்கப்பட்ட பாத்திரத்தை மையமாக வைத்து, அவள் என்னென்ன செய்ய வேண்டும் என்று ஒரு மணி நேரம் பாடம் நடத்தினால், உண்மையில் பாதிக்கப்பட்டு அந்த ஆய்வகத்தில் அமர்ந்திருக்கும் பிள்ளை என்ன எடுத்துக்கொண்டு வெளியே போவாள்? தனக்கு நேர்ந்ததைத் தீர்க்கும் பொறுப்பும் தன்னுடையதே, இதுவரை தீராததற்குத் தன் திறமைக் குறைவே காரணம் என்பதைத்தான். தன்னையே பழித்துக்கொள்ளும் அந்த எண்ணம்தான் அவளை மேலும் ஒடுக்குகிறது. அதே பிள்ளை, பக்கத்துக் கணினியில் இருப்பவர்கள் ஒவ்வொருவரும் ‘நான் சிரிப்புக் குறி போட்டதால் என்ன ஆனது?’ என்று தடுமாறுவதைக் காண்பது வேறு அனுபவம்.

ஆனாலும் அவளுக்கென்று தனியே சில வேண்டும் என்பதை ஏற்கிறேன். அதைக் கதையின் இன்னொரு வாசலாக வையுங்கள். யாரும் பார்க்காதபோது, தேவைப்பட்டால் திறக்கலாம். அங்கே எதைச் செய்ய வேண்டும் என்பதைவிட எதைச் செய்யாமல் இருக்கலாம் என்பதற்கு முதலிடம் தாருங்கள்: உடனே பதிலடி எழுத வேண்டாம், தன் மீதான கருத்துகளை விடிய விடியத் திரும்பப் படிக்க வேண்டாம், குழுவை விட்டு வெளியேறியதற்காக வெட்கப்பட வேண்டாம். அடுத்து, சொல்வதற்கான வாசகங்கள். ‘அம்மா, போனைப் பிடுங்காமல் கேட்பதாக முதலில் சொல்’ என்று தொடங்கலாம் என்பதே பல பிள்ளைகளுக்குத் தோன்றியிராது. பத்தாம் வகுப்பின் தாய் அவர்கள் கேட்டபடி, இந்த ஒரு காட்சியைப் பெற்றோர் கூட்டத்தில் தாயின் பக்கத்திலிருந்தும் விளையாட வைக்கலாம்.

இன்னொரு எச்சரிக்கை. உங்கள் பள்ளியில் அண்மையில் நடந்த எதையும் காட்சியாக எழுதாதீர்கள். பெயரை மாற்றினாலும் அரை நிமிடத்தில் யார் என்று தெரிந்துவிடும். உங்கள் கதையே அடுத்த ஸ்டிக்கர் ஆகிவிடும்.

சட்டப்படி

மென்பொருள் தொடர்பாக மூன்று செய்திகளைச் சொல்லிவிடுகிறேன். வழக்கறிஞர்கள் சுருக்கமாகப் பேசுவதில்லை என்ற பெயரை இன்று மாற்றப் பார்க்கிறேன்.

‘இணையவழித் துன்புறுத்தல்’ என்ற பெயரில் இந்தியச் சட்டத்தில் தனிக் குற்றம் இல்லை. புண்படுத்தும் செய்திகளைத் தண்டித்த, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று ஷ்ரேயா சிங்கால் வழக்கில் நீக்கிவிட்டது. அதன்படி புகார் கொடு என்று எந்தக் காட்சியிலும் எழுதிவிடாதீர்கள். போலிக் கணக்கு, அந்தரங்கப் படம், பின்தொடர்தல் ஆகியவற்றுக்கு வேறு பிரிவுகள் உண்டு. 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணும் சைபர் குற்றப் புகார் இணையதளமும் உண்டு. துன்புறுத்தியவரும் 18 வயதுக்குட்பட்டவர் என்றால் இளைஞர் நீதிச் சட்டம் 2015 அவருக்குப் பொருந்தும் என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு, கையில் விலங்கு மாட்டும் முடிவுகளைத் தவிர்த்துவிடுங்கள்.

இரண்டாவது செய்தி பெரியது. உங்கள் சூழலில் பிள்ளைகள் எழுத இடம் கொடுத்தால், யாராவது உண்மையில் நடந்ததை எழுதுவார்கள். அது பாலியல் தன்மை கொண்டதாக இருந்தால், பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவு, அதை அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. தெரிவிக்கத் தவறுவது 21-ஆம் பிரிவின்படி தண்டனைக்குரியது. எழுதியதை யார், எப்போது படிப்பார்கள் என்று முடிவு செய்யாமல் எழுதும் பெட்டியை வைக்காதீர்கள். அந்த வேலையைப் பொறுப்பாக ஏற்க ஆளில்லை என்றால் பெட்டியே வேண்டாம்.

மூன்றாவது, நிரலோடை தொட்டுச் சென்ற பதிவேடு. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்டவரைக் குழந்தை என்கிறது. பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைக் கேட்கிறது. குழந்தைகளின் நடத்தையைக் கண்காணிப்பதையும் கட்டுப்படுத்துகிறது. எந்தப் பிள்ளை எந்த விடையைத் தேர்ந்தெடுத்தது என்ற பட்டியல், நாளைக்கு ‘இவன்தான் துன்புறுத்துபவன்’ என்ற சான்றிதழாக மாறிவிடும். மாணவரின் அடையாள எண்ணான எமிஸ் எண்ணைக் கேட்காதீர்கள்; பெயரையும் கேட்காதீர்கள்.

தாமிரபரணி

நிரலோடை முன்வைத்த யோசனை, அதாவது முதல் ஆசிரியர் தட்டிக் கழிப்பது, எனக்குப் பிடித்திருக்கிறது; ஆனால் எந்தத் தலைமை ஆசிரியரும் அதை அனுமதிக்க மாட்டார் என்று சொல்வீர்கள். அனுமதி வாங்க ஒரு வழி உண்டு. பிள்ளைகளுக்குக் காட்டுவதற்கு முன்னால் ஆசிரியர்கள் அனைவரும் அதே கணினிகளில் அமர்ந்து விளையாடட்டும். அவர்களுக்கென்று ஒரு காட்சி எழுதுங்கள்: ஒரு மாணவன் வந்து குழுவில் நடந்ததைச் சொல்கிறான், சொல்லும்போதே அவன் யாருடைய பிள்ளை என்பதும், எதிர்த்தரப்பு யாருடைய பிள்ளை என்பதும் ஆசிரியருக்குத் தெரிந்திருக்கிறது. தேர்வுகளைக் கொடுத்துவிட்டு, அறையில் என்ன அமைதி நிலவுகிறது என்று பாருங்கள். எனக்கு இதைச் செய்யும் வாய்ப்பு பணியில் இருந்தபோது கிடைத்திருந்தால், பயிற்சிக் கூட்டங்களில் கேட்ட பல உரைகளைவிட அது மேலாக இருந்திருக்கும்.

வடதுருவம்

ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன்: கிவாவின் மூவர் குழு போல, உங்கள் பள்ளியில் இரண்டு ஆசிரியர்களாவது பெயர் சொல்லி அறிவிக்கப்படட்டும், இருவரும் ஒரே பின்னணியிலிருந்து வந்தவர்களாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். கதையின் முடிவில் அந்த இருவரும் எங்கே, எப்போது கிடைப்பார்கள் என்பது மட்டும் இருந்தால் போதும்.

கரும்பலகை

அனைவருக்கும் நன்றி. இதுவரை பேசியதை வைத்து முதல் காட்சியை எழுதியிருக்கிறேன். பாதிக்கப்பட்டவளை நாயகியாக வைப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். அவளுக்கான தனி வாசல் பின்னர் வரும்.

இரவு 9.40 மணி. வகுப்புக் குழுவில் ஒரு ஸ்டிக்கர் வருகிறது: ஆண்டு விழாப் புகைப்படத்தில் கொட்டாவி விட்ட இளமதியின் முகம். அவள் இந்தக் குழுவில் இல்லை. ஏழு பேர் சிரித்துவிட்டார்கள். கைப்பேசி உன் கையில் இருக்கிறது. நீ சிரிப்புக் குறி போடலாம். எதுவும் செய்யாமல் மூடி வைக்கலாம். ‘இதை நீக்கு’ என்று குழுவில் எழுதலாம். செய்தவனுக்குத் தனியாக எழுதலாம். இளமதிக்குத் தனியாக எழுதலாம். காலையில் ஆசிரியரிடம் சொல்லலாம். மூடி வைத்தால் காலையில் முப்பது ஸ்டிக்கர்கள் காத்திருக்கும். குழுவில் எழுதினால் ஒரு முறை ஸ்டிக்கர் உன் பக்கம் திரும்பும், இன்னொரு முறை வேறொருவர் உன்னோடு சேர்ந்துகொள்வார். தனியாக எழுதினால், ‘சும்மா ஜாலிக்குத்தானே’ என்று பதில் வரும். அதற்கு என்ன சொல்வாய் என்று கதை மீண்டும் கேட்கும். இளமதிக்கு எழுதினால் அவள் முதலில் பதிலே சொல்லமாட்டாள்.

இரண்டாவது காட்சி போலிக் கணக்கைப் பற்றியது. அதில் ஒரு மாணவியின் முகத்தை ஆபாசப் படத்தோடு ஒட்டியிருப்பதாக வைத்திருக்கிறேன். படம் திரையில் வராது. அங்கே முதல் தேர்வாக ‘ஆதாரத்துக்கு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, நம்பகமான நண்பர்களுக்கும் ஆசிரியருக்கும் அனுப்பு’ என்று எழுதியிருக்கிறேன்.

நெய்தல்

இளமதி முதலில் பதில் சொல்லாமல் இருப்பது மிகச் சரி. இரண்டாம் முறை எழுதும் தேர்வையும் வையுங்கள். ‘உன்னோடு நாளைக்கு மதியம் சாப்பிட வரட்டுமா?’ என்ற அளவில், ஸ்டிக்கரைப் பற்றிப் பேசாமலே.

சட்டப்படி

இரண்டாவது காட்சியின் முதல் தேர்வை உடனே மாற்றுங்கள். 18 வயதுக்குட்பட்டவரை ஆபாசமாகக் காட்டும் படத்தை அனுப்புவது, நல்லெண்ணத்தில் செய்தாலும், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவுக்குள் வந்துவிடக்கூடும். வைத்திருப்பதும் பாதுகாப்பானதன்று, அத்தகைய படங்களைத் தரவிறக்கிப் பார்ப்பது மட்டும் குற்றமாகாது என்ற சென்னை உயர் நீதிமன்றத்தின் 2024 ஜனவரித் தீர்ப்பை, உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு செப்டம்பர் 23 அன்று ரத்து செய்துவிட்டது. பிள்ளை செய்ய வேண்டியது இதுதான்: கணக்கின் பெயர், இணைப்பு முகவரி, பார்த்த நேரம் ஆகியவற்றைத் தாளில் குறித்துக்கொள்வது, செயலியிலேயே புகார் அளிப்பது, படத்தை யாருக்கும் அனுப்பாமல், பெற்றோர் அல்லது அறிவிக்கப்பட்ட ஆசிரியர் வழியாக 1930 அல்லது 1098-ஐ அழைப்பது. படம் பாதிக்கப்பட்ட பிள்ளையின் சொந்தக் கருவியிலேயே இருந்தால், அதை இணையத் தளங்களிலிருந்து நீக்க ‘டேக் இட் டவுன்’ சேவை உதவும். படம் கருவியை விட்டு வெளியேறாமல், அதன் டிஜிட்டல் கைரேகை மட்டும் பங்கேற்கும் தளங்களுக்குப் போகும்.

கரும்பலகை

மாற்றிவிட்டேன். ‘அனுப்பு’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் என்ன ஆகும் என்பதையும் ஒரு கிளையாக வைத்திருக்கிறேன். பிள்ளைகளில் பலரும் முதலில் அதைத்தான் அழுத்துவார்கள் என்று தோன்றுகிறது. எழுதும் பெட்டி கிடையாது, பெயர் கிடையாது, விடைகள் எங்கும் சேமிக்கப்படா. ஆசிரியர்களுக்கான காட்சியைத் தாமிரபரணி ஐயா எழுதித் தருவதாகத் தனிமடலில் சொல்லியிருக்கிறார். அவர்கள் விளையாடி முடித்த பிறகே மாணவர்களுக்கான கோப்பு ஆய்வகக் கணினிகளில் ஏறும். ட்வைன் கோப்பை இங்கேயே இணைக்கிறேன். வேண்டியவர்கள் தங்கள் ஊர்ப் பேச்சுக்கு ஏற்ப உரையாடல்களை மாற்றிக்கொள்ளலாம்.